கற்பூரம் கற்றுத்தந்த பாடம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விசர்நாய்க்கடித் தடுப்பூசி பலித்ததா என்று அறிய, குருதியிலுள்ள பிறபொருளெதிரியை உயிருள்ள வைரசோடு மோதவிடுவார்கள். அது ஆபத்தான வேலை. நாங்கள் அதன் மேலுறைப் புரதத்தை மட்டும் அணிந்த, பெருகமுடியாத போலி வைரசைப் பயன்படுத்துகிறோம். அது கலத்தினுள் நுழைந்தால் கலம் ஒளிரும். பிறபொருளெதிரி தடுத்தால் ஒளி குறையும்.

ஆனால் அதைச் சேமிக்க மறை 80 பாகைக் குளிர் வேண்டும். ஒருமுறை நீண்ட மின்தடையில் எங்கள் ஆறு மாத உழைப்பு உருகிப்போனது.

2014இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் போலி வைரசைச் சீனிக் கரைசலில் உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தி, பின் நீர் சேர்த்துப் பயன்படுத்திக் காட்டினார்கள். பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிறது. எட்டாம் வகுப்பில் கற்பூரத்தை வைத்து ரீச்சர் காட்டிய அதே பதங்கமாதல்!

குளிரூட்டியில்லாத ஊருக்கும் இச்சோதனை போய்ச்சேர வேண்டும். ரீச்சர், அந்தக் கற்பூரம் இன்னும் மணக்கிறது.