ஸ்டில்ட் போட்டாச்சு, தண்ணி எங்கே போகும்?

போன வாரம் வாடகை வீட்டுக் கதை பேசினோம். இந்த வாரம் சொந்த வீடு. அதுவும் எங்க ஏரியா: தாம்பரம், முடிச்சூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் பழைய வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டுறாங்களே, அந்த வீடுகள்.

என்ன டிரெண்ட் என்று கேட்டால் உங்க இன்ஸ்டாவே சொல்லிடும். சிஎன்சி கட்டிங் கேட், சாம்பல் வெள்ளையில் எலிவேஷன், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற மஞ்சள் லைட், மணி வச்ச பூஜை ரூம் கதவு. எங்க வீட்டிலும் இதெல்லாம் இருக்கு. ஓபன் கிச்சன்தான் வேணும் என்று நான் ஒரு மாசம் சண்டை போட்டேன். "மீன் வறுத்தா அந்த வாசனைலதான் உன் ஆபீஸ் மீட்டிங் நடக்கும், பரவாயில்லையா?" என்று அம்மா கேட்டாங்க. இப்போ அங்கே ஒரு கண்ணாடி ஸ்லைடிங் கதவு இருக்கு.

ஆனா எங்க பக்கம் உண்மையான கஸ்டமைசேஷன் இது எதுவும் இல்லை. உயரம். வீட்டை எவ்வளவு மேலே தூக்குறது என்பதுதான்.

அப்பா 1996-ல் வீடு கட்டினப்போ பேஸ்மட்டம் ரோட்டைவிட இரண்டரை அடி உயரம். மூணு படி ஏறித்தான் உள்ளே போகணும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டாங்க. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும் என்று அரசு கறாரா சொன்னது 2021-ல். அதுக்குள்ளே எங்க வீட்டுக்குள்ளே போக ஒரு படி *இறங்க* வேண்டியதாயிடுச்சு.

2015 டிசம்பர் உங்களுக்குத் தெரியும். 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு. எங்க ஹாலில் நெஞ்சளவு தண்ணி. பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் அவங்க மாடி ரூமைத் திறந்துவிட்டாங்க. ரெண்டு ராத்திரி அங்கேதான் இருந்தோம். கேஸ் தீரப் போகுதுன்னு தெரிஞ்சும் எங்களுக்கு முதல்ல கஞ்சி வச்சுக் கொடுத்தாங்க.

அதனால 2022-ல் இடிச்சுக் கட்டும்போது வீட்டில் ஒரே குரல்: ஸ்டில்ட். கீழே தூண்கள், கார் பார்க்கிங். வீடு மேலே.

ஸ்டில்ட் பற்றி ஒரு விஷயம் சொல்லிடுறேன், கட்டப்போறவங்க கேட்டுக்கோங்க. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் நிறைய அடுக்குமாடிகள் விழுந்துச்சு. அதில் பலதுக்குக் கீழ்த்தளம் வெறும் தூண்தான், சுவர் கிடையாது. மேலே கனம், கீழே காலியா இருந்தா ஆட்டம் தாங்காது. அடுத்த வருஷமே சென்னையை மண்டலம் இரண்டிலிருந்து மூணுக்கு மாத்தினாங்க. அதனால தூண் சைஸ், கம்பி இதெல்லாம் "மேஸ்திரி பாத்துப்பார்" என்று விடாதீங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட டிராயிங் வேணும்.

நாங்க வேறு சில வேலையும் செஞ்சோம். மீட்டர் பாக்ஸை ஆள் உயரத்துக்கு ஏத்தினோம். இன்வெர்ட்டர் பேட்டரி மேலே. சம்ப் மூடியைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கிக் கட்டினோம், போன தடவை சாக்கடைத் தண்ணி அதுக்குள்ளேதான் இறங்குச்சு. செப்டிக் டேங்க் லைன்ல நான் ரிட்டர்ன் வால்வு. 2015-ல் பாத்ரூம் வழியா என்ன வந்துச்சுன்னு சாப்பிடுறவங்க இருப்பீங்க, சொல்லலை.

லிஃப்ட்டுக்கு இடம் விட்டோம், லிஃப்ட்டுக்குக் காசு இல்லை. அந்தக் குழியில் இப்போ என் சைக்கிள் நிக்குது. அம்மாவுக்கு முட்டி வலி, பதினெட்டுப் படி. வாசல்ல கோலம் போட்டுட்டு ஆன்ட்டிகிட்ட அரை மணி நேரம் பேசுறது அவங்க பழக்கம். இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் இறங்கினா அதிகம்.

கிரகப்பிரவேசம் முடிஞ்சு மூணாவது மாசம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்க வீட்டில் ஒரு சொட்டு இல்லை. பால்கனியிலிருந்து வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். அப்போ கீழே பார்த்தா ஆன்ட்டியும் அங்கிளும் ஒரு பையைத் தலையில் வச்சுக்கிட்டு எங்க கேட்டைத் தட்டுறாங்க. அவங்க மாடி ரூமை வாடகைக்கு விட்டாச்சு. கீழே முட்டிக்கு மேல தண்ணி.

மேலே உட்காந்து காபி குடிக்கும்போது ஆன்ட்டி கோபமே இல்லாம சொன்னாங்க: "2015-ல வந்தது ஊருக்கே வந்த தண்ணிப்பா. இது உங்க காம்பவுண்டு பக்கத்துலேர்ந்து வந்துச்சு."

நான் ஏதோ மழுப்பினேன். மறுநாள் இறங்கிப் பார்த்தா அவங்க சொன்னது சரி. பழைய வீட்டுப் பின்னாடி முருங்கையும் தென்னையும் இருந்த மண் தரை. தெருத் தண்ணி முதல்ல அங்கேதான் போய்த் தேங்கும். புது வீட்டில் அந்த இடம் முழுக்க மூணடி கிராவல் ரொப்பி, சுவருக்குச் சுவர் பேவர் பிளாக் போட்டுட்டோம். கார் ஏற வாசல்ல ஒரு ராம்ப், அது தெரு வடிகால் வாயை மூடியிருக்கு. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், எங்களுக்கும் குழி இருக்கு. ஆனா ஆத்துப் பக்கம், டிசம்பர்ல நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே நிக்கும்போது அந்தக் குழி எதைக் குடிக்கும்?

என்னை உறுத்தினது இதுதான். வீடு ஏற்கெனவே தூண் மேலேதானே நிக்குது? அப்போ மண் ரொப்பினது எங்களுக்காக இல்லை. காருக்காக. புயல் வருதுன்னா சென்னை ஜனங்க காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துறாங்க, அந்தக் காருக்காக.

பிறகு ரெண்டு பக்கம் பேவரைப் பெயர்த்து, கிராவலை அள்ளிட்டுத் திரும்ப மண் தரை ஆக்கினோம். ராம்ப்பை வெட்டி கேட்டுக்குள்ளே கொண்டுவந்தோம். காம்பவுண்டு அடியில் துவாரம் விட்டோம். மொத்தச் செலவு ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆனதுதான். அப்பா இன்னும் முணுமுணுத்துக்கிட்டேதான் இருக்கார்.

இப்போ ஆன்ட்டி வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்குறதுக்கு ஆள் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் இங்கே செய்யுற வேலை இது. சுவருக்குக் கீழே வரிசையா ஜாக்கி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, கீழே புதுசா கட்டிடுவாங்க. அங்கிள் சரின்னுட்டார். ஆன்ட்டிதான் யோசிக்கிறாங்க. எங்க வரிசையில் கடைசியில் ஒரு பழைய ஓட்டு வீடு, ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு. "நாங்களும் தூக்கிட்டா அந்தப் புள்ளைங்க எங்க போகும்?"ன்னு என்கிட்ட கேட்டாங்க.

சனிக்கிழமை மேஸ்திரி அண்ணன் ட்யூப் லெவலோட வர்றார். மூணு வீட்டு வாசலையும் தெருவையும் சேர்த்து மட்டம் பார்க்கப்போறோம். ஓட்டு வீட்டு ஓனரையும் வரச் சொல்லியிருக்கேன், வருவாரான்னு தெரியலை. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். உங்க தெருவில் எந்த வீடு பள்ளம்னு உங்களுக்குத் தெரிஞ்சா, ஒரு வாய்ஸ் நோட் போடுங்க.