பிறர் எழுதிய பெருமானாரின் வரலாறு

(மீலாதுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் நம் சுவரொட்டிகளில் கார்லைலும் மைக்கேல் ஹார்ட்டும் தவறாது வந்துவிடுகின்றனர். நாமும் இதே மிம்பரில் அவர்கள் பெயரைப் பலமுறை மொழிந்திருக்கிறோம். சென்ற ஆண்டு பயான் முடிந்ததும், கல்லூரியில் பயிலும் நம் மஹல்லா இளைஞர் ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், அந்த நூலைத் தாங்கள் படித்திருக்கிறீர்களா?" என்று மெதுவாக வினவினார். நாம் படித்திருக்கவில்லை. அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

தாமஸ் கார்லைல் 1840 மே 8 அன்று லண்டனில் அந்தச் சொற்பொழிவை ஆற்றினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வஞ்சகர் என்று ஐரோப்பா ஏசிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களின் காதில் பட்டாணி கொத்தப் புறாவைப் பழக்கி, அதனை வானவர் என்று காட்டினார்கள் என்பது போன்ற கட்டுக்கதைகளுக்குச் சான்றே இல்லை என்று கார்லைல் எடுத்துரைத்தார். பெருமானார் உண்மையானவர் என்றார். ஆனால் அதே உரையில், திருக்குர்ஆனைப் படிப்பது தமக்குப் பெரும் சலிப்பூட்டியது என்றும் கூறியிருக்கிறார். (அரபு அறியாது, ஜார்ஜ் சேலின் மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவர் வேறெதனைச் சொல்வார்!) இப்பகுதியை நம்மில் எவரும் சுவரொட்டியில் அச்சிடுவதில்லை.

ஹார்ட் 1978-ல் வெளியிட்ட பட்டியலில் பெருமானாருக்கு முதலிடம் தந்தார். அது செல்வாக்கின் அளவுகோலேயன்றிச் சிறப்பின் அளவுகோல் அன்று. அதே நூறு பேரில் ஹிட்லரும் இருக்கிறார். இதனைக் கேட்ட பின்னும் அப்பட்டியலைப் பெருமையாகச் சொல்லித் திரிவது நமக்குத் தகுமா?

இனி வில்லியம் மூர் விஷயம். இந்தியாவில் ஆங்கிலேய அரசின் உயர் அதிகாரியாயிருந்த இவர், 1858 முதல் 1861 வரை நான்கு பாகங்களில் பெருமானாரின் வரலாற்றை எழுதினார். அரபு அறிந்தவர், இப்னு ஹிஷாம், தபரீ ஆகியோரின் நூல்களிலிருந்தே எடுத்தார். ஆகவேதான் அந்நூல் ஆபத்தானது. ஹதீஸ் கலை அறிஞர்கள் பலவீனமானவை என்று ஒதுக்கிய வாகிதீயின் அறிவிப்புகளை அவர் பெரிதும் நம்பினார். ஃகரானீக் கதையையும் ஏற்றுக்கொண்டார்.

ஸர் ஸையித் அஹ்மத் கான் இந்நூலைக் கண்டு மனம் வெந்தார். 1869-ல் லண்டன் சென்று, அங்குள்ள நூலகங்களில் அமர்ந்து ஆதாரங்களைத் திரட்டி, கடன்பட்டும் உடைமைகளை விற்கத் துணிந்தும், 1870-ல் ஆங்கிலத்திலேயே மறுப்பு நூலை வெளியிட்டார். அவருடைய கொள்கைகள் சிலவற்றை நம் உஸ்தாதுமார்கள் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. எனினும், நூலை எரிக்கச் சொல்லாமல் நூலால் விடையளித்தாரே, அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு நம்மிடம் உண்டா?

மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர் கே.எஸ். ராமகிருஷ்ண ராவும், 1991-ல் கேரன் ஆம்ஸ்ட்ராங்கும் அன்போடு எழுதியவர்கள், அவர்களுக்கு நன்றியுடையோம். மார்ட்டின் லிங்ஸையும் இவ்வரிசையில் சேர்ப்போர் உண்டு. அவர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பதை அறிக.

அந்த இளைஞர் இப்போது வெள்ளிதோறும் இஷாவுக்குப் பின் மூரின் நூலோடு நம் அறைக்கு வருகிறார். அவர் ஆங்கிலத்தை வாசித்துப் பொருள் சொல்கிறார். நாம் இப்னு ஹிஷாமைத் திறந்து அறிவிப்பாளர்களைப் பார்க்கிறோம். சில இடங்களில் அவருக்கு உடனே விடை கூறினோம். சிலவற்றுக்கு நாம் ஓதிய மதரஸாவின் உஸ்தாதுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிறோம். முதல் பாகம் இன்னும் முடியவில்லை. விரும்புவோர் வரலாம், கதவு திறந்தே இருக்கும்.

வஸ்ஸலாம்.