தாழ்ந்த குரலும் கடவுளின் கொடையே

(புனித செசிலியா நினைவுநாள் வானொலி மறையுரை)



இன்று நவம்பர் 22. இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவைத் திருச்சபை நினைவுகூரும் நாள். உரோமையில் மறைசாட்சியாக உயிர்நீத்த இவர், தம் திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கியபோது உள்ளத்துக்குள் ஆண்டவரைப் பாடிக்கொண்டிருந்தார் என்பது மரபு. நம் பாடகற்குழுவினர் மகிழும் இந்நாளில், ஒரு பாடகரின் வாழ்வை முன்வைத்து இறைவார்த்தையைச் சிந்திப்போம்.

கார்த்திகை பிறந்துவிட்டது. உத்திரமேரூர் பக்கமும் நம் ராஜகுளத்திலும் அண்டை வீட்டார் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் ஒலிபெருக்கியில் ஒரு கனத்த குரல் கேட்கிறது. சபரிமலையில் இரவு நடை சாத்தும் வேளையில் ஒலிப்பதும் அதே குரல்தான். அக்குரலுக்குரியவர் யேசுதாஸ். அந்தப் பெயருக்கு இயேசுவின் அடியான் என்று பொருள்.

மேலைநாட்டு இசையில் ஆண்குரலைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். உயரத்தில் ஒலிப்பது டெனர், அடியில் ஒலிப்பது பாஸ், நடுவே பாரிடோன். ஆண்களில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது இந்த நடுக்குரலே. யேசுதாஸ் மேல் ஸ்தாயியிலும் பாடுகிறவர்தான். ஆனால் அவர் குரலின் அழகு மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது.

அவர் 1940 ஜனவரி 10 அன்று கொச்சிக் கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய வாழ்வு நமக்கு மூன்று செய்திகளைச் சொல்கிறது.

முதலாவது, குரல் கொடை. பயிற்சி நம் கடமை. யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப் மேடை நடிகர், பாடகர். அவரே மகனுக்கு முதல் குரு. அதன்பின் திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் பயின்றார். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியிலும் சேர்ந்தார். பணமின்றி அங்கே படிப்பை முடிக்க இயலவில்லை. ஆனாலும் கற்பதை நிறுத்தவில்லை. திரைப்படத்தில் புகழ் பெற்ற பின்பும் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் மாணவராக அமர்ந்தார். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் ஆகிய மூன்று விருதுகளும், சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது 8 முறையும் அவரைத் தேடி வந்தன. மத்தேயு நற்செய்தியில் ஒரு தாலந்தைப் பெற்றவர் அதைச் செலவழித்துவிடவில்லை, புதைத்து வைத்தார். அதற்காகவே கண்டிக்கப்பட்டார். ஒத்திகைக்கு வராமல், திருவிழாவன்று மட்டும் மைக்கைத் தேடுகிறவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

இரண்டாவது, கொடை பல கைகள் வழியாக வருகிறது. செம்பை பாகவதர் பாலக்காட்டு அந்தணர், குருவாயூரப்பனின் பக்தர். அவர் ஒரு கத்தோலிக்க இளைஞருக்குத் தம் வித்தையை மறைக்காமல் கொடுத்தார். நம் மண்ணின் இசையைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தும்படி திருச்சபை நம்மிடம் கேட்கவில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப் பணிக்கிறது. அண்டை வீட்டாரின் ஒலிபெருக்கியில் பாடுவது ஓர் இயேசுதாசன் என்றால், அவருக்குப் பாடம் சொன்னவர் ஒரு குருவாயூர் பக்தர். கொடுக்கல் வாங்கலில் ஆண்டவர் எந்த வேலியும் வைக்கவில்லை.

மூன்றாவது, வேலி வைப்பவர்கள் நாம்தான். 1961 நவம்பர் 14 அன்று யேசுதாஸ் திரைக்காக முதன்முதலில் பாடியது ஸ்ரீ நாராயண குருவின் வரிகளை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறப்புகளாய் வாழும் இடத்தைப் பற்றியவை அவை. அப்படித் தொடங்கியவருக்கு, பிறப்பால் இந்து அல்ல என்பதால், தம் குரு வணங்கிய குருவாயூர் சன்னிதிக்குள் நுழைய வழியில்லை. அந்தக் கதவைப் பற்றிப் பேசுவது நம் வேலையன்று. நம் கதவைப் பார்ப்போம்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் போற்றுகிறோம். யார் பெயரைக் குடத்தில் இடலாம் என்ற விதிகளும் அதே கல்வெட்டில் உண்டு: வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். கல்லில் வெட்டிய விதியையாவது படித்து அறிந்துகொள்ளலாம். நம் பாடகற்குழுக்களில் எழுதாத விதிகள் இல்லையா? ஊர்த்தெருவுக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று பிரிந்த பங்குகள் இல்லாமலில்லை. பதிலுரைப் பாடலை யார் வீட்டுப் பிள்ளை பாடுவது என்று மனத்தாங்கல் கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஒரே கிண்ணத்தில் பங்கு கொள்ளும் நாம், ஒரே பாட்டில் பங்கு தர மறுத்தால், பலிபீடத்தின் முன் நம் பாட்டு வெறும் சத்தமே.

சத்தமில்லாமல் விலகிப் போகிறவர்களும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடைகிறது. நேற்றுவரை இனிமையாகப் பாடியவன் இன்று கரகரக்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அவன் கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நிற்கிறான். நாமும் கூப்பிடுவதில்லை. பெண்கள் பாட வசதியாக நாலரை, ஐந்து கட்டையில் கீபோர்டை வைத்துவிடுகிறோம். ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாட வேண்டிய ஆண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு, ஆண்கள் திருப்பலியில் பாடுவதே இல்லை என்று குறைப்படுகிறோம்!

ஆகவே இவ்வாரம் ஒன்று செய்வோம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக ஒத்திகைக்கு அமரட்டும். குரல் உடைந்த பையன்களைப் பெயர் சொல்லி அழைப்போம். அவர்களுக்காக ஒரு பாட்டையாவது சுருதி இறக்கிப் பாடுவோம். தாழ்ந்த குரல் சேரும்போதுதான் உயர்ந்த குரலுக்கும் அடித்தளம் கிடைக்கும்.

மன்றாடுவோம்: எங்கள் குரல்களைப் படைத்த ஆண்டவரே, நீர் தந்ததை நாங்கள் புதைக்காமலும், பிறர் குரலை அடக்காமலும், ஒரே குடும்பமாய் உம்மைப் பாட எங்களுக்கு அருள் தாரும். ஆமென்.

— பங்குத்தந்தை, ராஜகுளம்