தண்ணீரில் நிற்கிற முலாம்



நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில், 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குச் சோலார் பலகைகள் செய்யும் திறன் அதற்கு உண்டு. காட்மியம் டெலுரைடு என்ற குறைக்கடத்தியைக் கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடி, ஓரத்தையும் அடைத்துவிடுகிறார்கள். எதற்கு? பொட்டு ஈரம்கூட உள்ளே போகக் கூடாது என்பதற்கு!

வெயிலைக் கொண்டு தண்ணீரிலிருந்து நேரடியாக ஹைட்ரஜன் எடுக்க நினைப்பவர்களோ குறைக்கடத்தியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் காரமோ அமிலமோ கலந்த தண்ணீர். இதைவிடக் கடினமான சோதனை ஒரு குறைக்கடத்திக்கு அரிது.

உள்ளே என்ன நடக்கிறது? ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் எழும்புகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்தைத் துளை என்கிறோம். துளை ஓர் எலக்ட்ரானைத் தேடும். தண்ணீரிடமிருந்து பெற்றால் ஆக்சிஜன் கிடைக்கும், வேலை நடக்கும். பல வேளைகளில் அது தான் பிறந்த பொருளின் பிணைப்பையே பிடுங்கிவிடுகிறது. சிலிக்கான் என்றால் மேலே சிலிக்கா படிந்து மின்னோட்டம் நின்றுபோகும். காட்மியம் சல்பைடு என்றால் காட்மியம் தண்ணீரில் கரைந்தே போகும். எந்த வெயிலை நம்பி அதை வைத்தோமோ, அந்த வெயிலே அதை அரிக்கிறது.

1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடை வைத்துத் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள். அது அரிபடவில்லை. ஆனால் புறஊதாக் கதிர் மட்டும்தான் அதற்குப் பிடிபடும். வெயிலில் அந்தக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. தாங்குகிற பொருளுக்கு வெயில் பிடிபடவில்லை, வெயிலைப் பிடிக்கிற பொருள் தாங்கவில்லை. அரை நூற்றாண்டாக இதுதான் முட்டுக்கட்டை.

இந்த ஊர்ச் சரிகையைப் பாருங்கள். சிவப்புப் பட்டு இழை, அதைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். எடையில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. அந்த இத்தனூண்டு தங்கம்தான் வெள்ளியைக் காக்கிறது. முலாம் தேய்ந்த இடத்தில், ஊசிமுனை அளவு விட்டுப்போன இடத்தில், காற்றிலுள்ள கந்தகம் புகுந்து வெள்ளி கறுக்கும். அம்மாவின் கல்யாணப் புடவை முந்தியை விரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

விஞ்ஞானிகளும் முலாம்தான் பூசுகிறார்கள். 2014இல் கலிபோர்னியாவின் கால்டெக்கில் நேதன் லூயிஸ் குழு, சிலிக்கான், கேலியம் ஆர்சனைடு போன்றவற்றின்மேல் அதே டைட்டானியம் டை ஆக்சைடை அணு அடுக்கு அடுக்காகப் படியவைத்தது. கனம் 4 முதல் 143 நானோமீட்டர். மேலே நிக்கல். சிலிக்கான் 100 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. சரிகை முலாம் காத்தால் போதும். இந்த முலாம் காக்கவும் வேண்டும், வெளிச்சத்தை உள்ளே விடவும் வேண்டும், துளைகளை வெளியே கடத்தவும் வேண்டும். ஓர் ஊசித்துளை இருந்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கி அடியில் பரவிவிடும்.

100 மணி நேரம் என்பது பெரிய வெற்றி. பின்னால் ஆயிரம் மணியைத் தாண்டியவர்களும் உண்டு. ஆனால் கூரைமேல் வைக்கும் பலகையிடம் நாம் 25 ஆண்டு உழைப்பு கேட்கிறோம். வெயில் நேரத்தை மட்டும் கூட்டினாலே ஏறத்தாழ ஐம்பதாயிரம் மணி. செய்தித்தாள்கள் 'இத்தனை விழுக்காடு திறன்' என்றே எழுதுகின்றன. புடவை வாங்க வருகிறவர் எத்தனை வருஷம் கறுக்காது என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியைத்தான் நான் இங்கேயும் கேட்கிறேன்.

பலகையை வெளியே வைத்து, தண்ணீரைப் பிளக்கும் மின்பகுப்புக் கருவிக்குக் கம்பி இழுத்தால் ஆகாதா? ஆகும். 2023இல் 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தில் முன்னே நிற்பது அந்த வழிதான். இரண்டு கருவி செய்வதை ஒன்றே செய்தால் செலவு குறையலாம் என்பதால்தான் இந்த ஆராய்ச்சி கைவிடப்படவில்லை.

இதற்கான அறிவு நம்மிடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953 முதல் அரிமானத்தை ஆராய்கிறது. மண்டபம் கடற்கரையின் உப்புக் காற்றில் உலோகத் தகடுகளை வைத்து, எது எத்தனை காலம் நிற்கிறது என்று பொறுமையாக அளந்தவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை குறைக்கடத்திக்கும் வேண்டும்.

வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, அரிமானத்தைத் துருப்பிடித்த பாடம் என்று ஒதுக்காதீர்கள். இந்த மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வரும் கல்வியாண்டில் ஒரு பேருந்து ஏற்பாடு செய்து, நம் மாணவர்களைக் காரைக்குடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சரிகைக்கு முலாம் போடத் தெரிந்த ஒருவரையும் அந்தப் பேருந்தில் ஏற்றுங்கள். அவரிடம் கேட்க அங்குள்ளவர்களுக்கும் கேள்விகள் இருக்கும்.