ஒரு பிற்பகலுக்கு ஒரு சதுரம்

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியது)



ரிடையர் ஆனபின் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் வெட்டுத்துணியில் தைத்துவரும் போர்வையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். முடிந்த ஏழு சதுரங்கள் மேஜைமேல் இருக்கின்றன. தாராளமாகத் தொட்டுப் பாருங்கள்.

இதற்கு 'சாம்ப்ளர் குவில்ட்' என்று பெயர். சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரத்தை 'பிளாக்' என்பார்கள். நம் ஏ பிளாக், பி பிளாக் அல்ல! பல குவில்ட்களில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். சாம்ப்ளரில் ஒவ்வொரு பிளாக்கும் வேறு டிசைன். எளிதானதில் ஆரம்பித்துக் கடினமானதற்குப் போனால், போர்வை முடிவதற்குள் வேலையும் படிந்துவிடும்.

இந்த வகையில் புகழ்பெற்றது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண்மணி 1863-இல் முடித்த குவில்ட். அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலம். வரிசைக்கு 13 வீதம் 13 வரிசை, ஆக 169 சதுரங்கள். போர்வையின் ஓரத்தில் தன் பெயரையும், வருடத்தையும், போர்க்காலம் என்பதையும், மொத்தத் துண்டுகள் 5602 என்பதையும் நூலால் எழுதிவைத்திருக்கிறார். பெனிங்டன் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. பி.காம். படித்து, வங்கியில் 34 வருடம் கணக்கெழுதிய எனக்கு, துண்டுகளை எண்ணிவைத்த அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று.

ஏனென்றால் இது முழுக்கக் கணக்கு வேலை. என் பிளாக் தைத்து முடிந்தபின் 12 அங்குலம். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும்; எனவே தனியாக இருக்கும்போது பன்னிரண்டரை. முதலில் 'நைன் பேட்ச்', அதாவது ஒன்பது கட்டம். நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்டுங்கள். ஒரு வரிசைக்கு மூன்று வைத்தால் பதின்மூன்றரை. நடுவே இரண்டு தையல். ஒவ்வொன்றும் அரை அங்குலம் சாப்பிடும். மீதி பன்னிரண்டரை. டாலி!

தையல் ஒவ்வொன்றும் அரை நூல் கூடுதலாக உள்ளே போனால்? இரண்டு பக்கத் துணியிலும் குறையும், ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல். இரண்டு தையலுக்குக் கால் அங்குலம். பக்கத்துப் பிளாக்கோடு சேராது. அதனால் மெஷின் தட்டில், ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். துணியின் ஓரம் அதைத் தொட்டபடியே ஓட வேண்டும்.

துணி காட்டனாக இருக்கட்டும். புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் அப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் துணி கோணிவிடும்.

ஐந்தாவது பிளாக் 'லாக் கேபின்'. நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி நீளப் பட்டைகள். நடுச்சதுரம் சிவப்பாக இருந்தால் அது வீட்டின் அடுப்பு என்று அந்த ஊரில் சொல்வார்கள். பட்டைகளுக்கு என் வீட்டுக்காரரின் கோடுபோட்ட சட்டைகளை எடுத்தேன். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. ஒன்பது சட்டைகள் பீரோவில் அப்படியே இருந்தன. யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் முடியவில்லை. இப்போது தினமும் கையில் எடுக்கிறேன்.

பன்னிரண்டும் முடிந்ததும், வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. இடையிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டி கொடுத்தால் 44-க்கு 58 அங்குலம் வரும். அடியில் பழைய வேட்டி. நடுவே பஞ்சு அடுக்கு நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. பழைய காட்டன் புடவை போதும். மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். வங்காளத்தின் காந்தா, கர்நாடகத்துச் சித்தி பெண்களின் கவாந்தி எல்லாம் இப்படிப் பழைய துணியை ஓட்டுத்தையலால் இணைத்தவைதான்.

வங்கியில் பத்துப் பைசா இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஆனால் டாலி ஆகிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. ரிடையர் ஆனபின் எனக்கு இல்லாமல் போனது சம்பளம் அல்ல, அந்த முடிவுதான். சாயங்காலம் ஆகும், ஆனால் எதுவும் முடிந்திருக்காது. இங்கே பலருக்கும் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். முழுப் போர்வை என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு பிளாக் என்றால் ஒரு பிற்பகல். ஸ்கேலை வைத்து அளக்கிறேன். பன்னிரண்டரை இருந்தால் அன்றைய கணக்கை மூடுகிறேன்.

இன்னும் ஐந்து பிளாக் பாக்கி. அவற்றை நம் குடியிருப்பில் வேறு ஐந்து பேர் தைத்தால் எனக்குச் சந்தோஷம். வியாழக்கிழமை 3 மணிக்கு இதே ஹாலில் மெஷினோடு இருப்பேன். வீட்டில் மூட்டை கட்டி வைத்திருக்கும் ரவிக்கைத் துண்டு, பழைய சட்டை, எதுவானாலும் எடுத்து வாருங்கள். தையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாமிகள் மட்டுமல்ல, சார்களும் வரலாம். அளந்து வெட்ட ஆள் வேண்டும். யார் யார் தைத்தார்கள், மொத்தம் எத்தனை துண்டு என்று ஓரத்தில் எழுதிவிடுவோம்.