ஊசியின் அடியில் ஒரு சீட்டு



பூச்சி சேகரிப்போர்க்கும் சந்தை உண்டு. இங்கிலாந்தில் 1935இல் தோன்றிய பொழுதுபோக்குப் பூச்சியியலாளர் சங்கம், இலண்டனை அடுத்த கெம்ப்டன் பார்க் குதிரைப்பந்தய அரங்கில் பல்லாண்டுகள் ஒருநாள் கண்காட்சி நடத்தியது. ஊசி குத்திய வண்டுகள், உயிருள்ள குச்சிப்பூச்சிகள், வலைகள், பழைய நூல்கள் யாவும் மேசைகளில் விற்பனைக்கு வரும்.

புதியவர் நீலம் மின்னும் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் முன் மெய்ம்மறந்து நிற்பார். பழகியவரோ குனிந்து, ஊசியின் அடியில் செருகிய சிறு சீட்டைப் படிப்பார். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். சீட்டில்லாத மார்ஃபோ சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகவே எஞ்சும். சீட்டுள்ள மங்கிய ஈயோ, காடு அழிந்த பின்னும் அங்கு வாழ்ந்த உயிருக்குச் சான்று கூறும்.

அறமும் அச்சீட்டில்தான் தொடங்குகிறது. உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான, பப்புவா நியூ கினியின் அலெக்சாண்ட்ரா அரசியைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பதற்குத் தடை உள்ளது. எனவே எதையும் விலை கேட்குமுன், அது எங்கே, எப்போது, எவ்வாறு பிடிபட்டது என்று வினவுவது உண்மையான ஆர்வலரின் கடமை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தமிழ்க் கவிதை மரபு. அம்மரபில் எழுதுவோர்க்கு அச்சீட்டின் அருமை எளிதில் விளங்கும்.