உள்ளே போனால் போதுமா?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீர் எவ்வளவு தெரியுமா? பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி, ஒரு டம்ளர் அளவுதான். ஆனால் நாளொன்றுக்கு அரை லிட்டர் சுரக்கிறது. பழையது வடிந்து புதியது நிறைவது தினமும் மூன்று தடவைக்கு மேல்! இந்த ஓடும் நீரில் மருந்தைக் கலந்து ஒரு நோயை மடக்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்; நரம்பிழைகளின் மேலுறையை உடலின் எதிர்ப்பு அணுக்களே அரித்துவிடும். வந்து வந்து தணியும் வகைக்கு மருந்துகள் பல உண்டு. படிப்படியாக முற்றும் வகைதான் எளிதில் பிடி கொடுப்பதில்லை. அதில் அழற்சி அணுக்கள் மூளையின் உறைகளுக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன. இரத்தக் குழாயில் ஏற்றும் ஆன்டிபாடி மருந்தோ, இரத்தத்தில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அந்த நீரை எட்டுகிறது. அப்படியானால் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, முதுகெலும்பு இடுக்கில் ஊசியை நுழைத்து நேராகவே செலுத்தினால் என்ன?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிட்டுக்சிமாப் என்னும் ஆன்டிபாடி மருந்தை இப்படி முதுகிலும், கூடவே இரத்தக் குழாயிலும் செலுத்திப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. இரத்தத்தில் பி அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் ஏறக்குறைய ஒழிந்தன. தண்டுவட நீரில் முழுதும் ஒழியவில்லை; சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். மருந்து தோற்ற காரணம்தான் ருசிகரமானது. இந்த மருந்து பெரும்பாலும் தானாகக் கொல்வதில்லை. பி அணுவின் மேல் ஒட்டி அடையாளம் காட்டும், அவ்வளவே. கொல்லும் வேலை காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களுக்கும் உரியது. தண்டுவட நீரில் இரண்டுமே அரிது. ஆள்காட்டி போய்ச் சேர்ந்தது, அடிக்க ஆளில்லை.

அளவைக் கூட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆள்காட்டிகளைப் பெருக்கினாலும் அடிப்பவர் பெருகமாட்டார்களே! தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கு 2016இல் அனுமதி பெற்ற நியூசினெர்சென் இதே வழியில்தானே வென்றது என்றால், அது நரம்பணுவுக்குள் புகுந்து தானே வேலை செய்யும் மருந்து, துணை தேடுவதில்லை. ஆக, வழியில் குற்றமில்லை. வழிக்கேற்ற மருந்து வேண்டும். நடுவிலேயே சோதனையை நிறுத்தியது நோயாளிகளைக் கைவிட்டதாகாதா? ஆகாது. நடை தளர்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திராமல் நீரையே எடுத்துப் பார்த்ததால், பயனற்ற ஊசிகள் பலருக்கு மிச்சமாயின. நேரம் முடிகிறது; அடுத்து வரும் மருந்து துணைக்கு ஆள் தேடாததாக இருக்கட்டும்.